தாலி கட்டுவது விநாயகர் முன். அவிழ்ப்பது ஒல்லாந்தர் வேதப்படி!

கண்டி வாவிக்கரையில் தலதா மாளிகை. அதன் அருகிலேயே, வெள்ளையர் கட்டிய புனித பவுல் தேவாலயம். சற்றுத் தள்ளி மீரா மக்காம் பள்ளிவாசல். கட்டுக்கலைப் பக்கம் நடந்தால் நம்முடைய செல்வ விநாயகர் கோயில். நான்கு சமயத்தாரும் ஒரே கடையில் அரிசி வாங்குகிறார்கள். ஒரே பஸ்ஸில் பேராதனைக்குப் போகிறார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் மணமென்று ஒன்று நடந்துவிட்டாலோ, அந்தக் கணமே ஆளுக்கொரு சட்டத்தின் பிடியில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்! கண்டிச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க விவாக, விவாகரத்துச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த தமிழருக்கு மணப்பதிவு 1907ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படி, சொத்துரிமை தேசவழமைப்படி. ஹேவாஹெட்டை, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தமிழருக்கோ அந்தப் பொதுச் சட்டம் ஒன்றே.

இவற்றில் ஒரு வரியைத் திருத்துவோம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "மதத்தில் கை வைக்காதே!" என்று எழும்பும் கூச்சல் ஹந்தானை மலையில் மோதித் திரும்புகிறது. நம்மவரும் அக்கூச்சலுக்குக் குறைந்தவரல்லர். "சைவன் மணம் ஏழேழ் பிறவிக்கும் தொடரும் தெய்வ பந்தம், அதை அவிழ்க்க ஒரு சட்டமா?" என்று மேடையேறி முழங்கும் பெரியோர் நம் நடுவிலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் பணிவோடு கேட்பது ஒன்றே: ஐயா, தாங்கள் காப்பாற்றுவது எந்த மதத்தை?

பொதுச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். மணத்தை முறிப்பதற்கு அது எழுதிவைத்த காரணங்கள் மூன்று: மணத்துக்குப் பின் நிகழ்ந்த சோரம், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது பெண்மையின்மை. இவை சிவாகமத்தில் உள்ளனவா? திருமுறையில் உள்ளனவா? இல்லை. சோரமும் கைவிடுதலும் ரோமன் ஒல்லாந்தச் சட்டம் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. கத்தோலிக்க சபை மணமுறிவே கூடாதென்று நின்ற காலத்தில், அதிலிருந்து பிரிந்த புரட்டஸ்தாந்தர், வேதத்தில் இடமுண்டு என்று கண்டு திறந்த இரண்டு வாசல்கள் இவை. ஒல்லாந்து நாட்டுப் போதகர் கண்ட முடிபு கப்பலேறி, கரையோரத்தில் இறங்கி, ஆங்கிலேயன் கையால் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே செல்வ விநாயகர் சந்நிதியில் மங்கல நாண் பூட்டிய சைவத் தமிழன், அந்த நாண் கழுத்தை அறுக்கும் கயிறாகிவிட்ட நாளிலே, ஒல்லாந்தரின் வேத விளக்கத்தைக் கொண்டே அதை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. இதைத்தான் நம் பெரியோர் "சைவத்தின் புனிதம்" என்று காவல் காக்கிறார்கள். என்னே விந்தை!

நிற்க. பக்கத்து வீட்டுக் கண்டியரின் கதையைப் பார்ப்போம். புத்த சமயப் பற்றில் அவரை விஞ்சியவர் எவர்? 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான ஒப்பந்தத்தின் 5ஆம் வாசகத்திலேயே, நாட்டைக் கொடுத்தாலும் சமயத்தைக் கொடோம் என்று எழுதி வாங்கியவர்கள் அவர்கள். ஆயினும் அவர்களுடைய மணமுறை பிக்குவின் கையில் இருந்ததில்லை. அது குடும்பத்தாரின் உடன்பாடு. மணமகள் கணவன் வீடு போனால் தீகம்; கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்தால் பின்னம். சகோதரர் இருவர் ஒருத்தியை மனையாளாகக் கொள்ளும் வழக்கமும் அங்கே இருந்தது. இருவருக்கும் ஒவ்வாதபோது எளிதாகப் பிரிந்து வேறு மணம் செய்ததை, பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் வியப்போடு எழுதிவைத்தான்.

1859இல் ஆங்கிலேய அரசாங்கம் பலகணவர் மணத்தைத் தடுத்தது. பதிவில்லாத மணம் மணமே அன்று என்றும் விதித்தது. சட்டம் ஓடியது, மக்கள் நடந்தார்கள். பதியாத மணங்கள் பெருகின. பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடானவர்களாயினர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்த 1870ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டந்தான் இன்றுவரை நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒரு காரணத்தை எழுதிவைத்தது. "இருவரும் மகிழ்ச்சியாகச் சேர்ந்து வாழ இயலாமை" என்பதே அது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருப்பதே அதற்குச் சான்று. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதுவும் இருக்கிறது, இருவர் சம்மதத்தால் பிரிதலும் இருக்கிறது. இதற்கு நீதிமன்ற வாசலில் தவங்கிடக்க வேண்டியதில்லை. கச்சேரியில் மாவட்டப் பதிவாளர் முன் சென்றால் போதும். யார் கெட்டவர், யார் படுக்கையில் யார் இருந்தார் என்று ஊர் கூடி விசாரிக்கும் கேவலமும் இல்லை.

இத்தனை ஆண்டுகளில் கண்டியரின் குடும்பம் இடிந்து விழுந்ததா? ஆடி மாதப் பெரஹராவில் யானை நடக்காமல் நின்றதா?

கண்டியர் சட்டம் குற்றமற்றது என்று நாம் சொல்லவரவில்லை. தீகத்தில் போன மகள் தந்தையின் நிலத்தில் பங்கிழக்கிறாள். மனைவியின் சோரம் ஒன்றே அவளைத் தள்ளப் போதும். கணவனின் சோரமோ, முறைதகாப் புணர்ச்சியோ கொடிய வன்கொடுமையோ கூடச் சேர்ந்தாற்றான் குற்றம்! ஆண்கள் எழுதிய சட்டம் வேறெப்படி இருக்கும்? ஆனால் பிரிவதற்கு மானமுள்ள ஒரு வழியை அது வைத்தது. அதே மலைச்சரிவில், வேலிக்கு இப்பால் நிற்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த வழி திறக்கப்படவில்லை. கண்டியில் பிறந்து கண்டியிலே செத்தாலும் அவள் சட்டத்தின் மொழியில் "கண்டியர்" அல்லள். மணமே முறிந்துபோனதைக் காரணமாகக் கொள்ளலாம் என்ற கருத்தை விவாக, விவாகரத்து ஆணைக்குழு 1959இலேயே தன் அறிக்கையில் அரசாங்கத்தின் முன் வைத்தது. அந்த அறிக்கை வெளிவந்த ஆண்டிற் பிறந்த பெண்கள் இன்று பாட்டிகளாகிவிட்டார்கள்.

இனி, நம் வீட்டுக் குப்பையையும் கிளறவேண்டும். பழி முழுவதையும் ஒல்லாந்தர் தலையிற் கட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

"தாலி இருக்க ரெஜிஸ்தர் எதற்கு?" தோட்டங்களில் நெடுங்காலம் கேட்ட கேள்வி இது. மாரியம்மன் கோயிலில் மேளம் கொட்டியாயிற்று, லயத்துச் சனம் எல்லாம் சோறு உண்டாயிற்று, கங்காணி முதல் கணக்கப்பிள்ளை வரை மொய் எழுதியாயிற்று. இதற்கு மேலும் கடதாசியா என்றார்கள். சடங்கால் நடந்த மணத்தை நீதிமன்றம் ஏற்கும் என்பது உண்மையே. ஆனால் சடங்கு நடந்ததை நிரூபிப்பவர் யார்? மேளக்காரன் செத்துப்போனான், பூசாரி ஊர் மாறிப்போனான்.

இந்த அலட்சியத்துக்கு நம் சனம் கொடுத்த விலை சிறிதா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பைக் கேட்டது, தந்தையின் தந்தை பிறந்த இடத்தைக் கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமோ இன்னும் நுணுக்கமாகக் குடைந்தது. மணமானவனுக்கு ஏழாண்டு வாசம், மணமாகாதவனுக்குப் பத்தாண்டு வாசம். அதற்கு மேல், மனைவியானவள் மணமாகி ஓராண்டு நிறைவதற்குப் பிந்தாத நாள் முதல் இலங்கையில் இடைவிடாது வசித்திருக்க வேண்டும்! மணநாளைக் காட்டக் கடதாசி இல்லாதவன் அந்த ஓராண்டை எங்ஙனம் எண்ணிக் காட்டுவான்? தாலியில் தேதி பொறித்திருக்கிறதா? 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று தலையெண்ணிப் பிரித்தபோது, குடும்பமென்று ஒன்று உண்டு என்பதைக் காட்ட நம்மிற் பலரிடம் இருந்தது அந்த மஞ்சட் கயிறு ஒன்றுதான். அந்த அநீதியை இழைத்தது அரசாங்கம், அதில் ஐயமில்லை. ஆயினும் கடதாசி கேட்கும் அரசாங்கத்தின் முன் கடதாசியில்லாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தது நம் மூடநம்பிக்கை.

பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஒருவாறு தீர்ந்தது. தாலியின் சிக்கல் தீரவில்லை. முதல் மனைவியைப் பதியாமல் வைத்துக்கொண்டு, கொழும்புக்கு வேலைக்குப் போனவன் அங்கே வேறொருத்தியைப் பதிந்துகொண்டால், சட்டத்தின் முன் தன்னை மனைவியென்று நிரூபிக்க வேண்டியவள் தாலி கட்டிய முதல் மனைவியே! அவன் இறந்தபின் சேமலாப நிதிக்காகக் கந்தோரில் நிற்கும்போது அவளிடம் கேட்கப்படுவது குங்குமமா, விவாகச் சான்றிதழா?

பதிவு அந்நிய வழக்கம் என்பாருக்கு ஒரு சொல். மணத்தில் பொய்யும் தவறும் புகுந்த பின்னரே பெரியோர் கரணம் என்னும் சடங்கை வகுத்தனர் என்று நம் தொல்காப்பியமே கூறுகிறது. அதாவது, சடங்கு என்பதே ஏமாற்றைத் தடுக்க எழுந்த சாட்சி. அன்றைய சாட்சி தீயும் சுற்றமும். இன்றைய சாட்சி பதிவேடு. இதில் எங்கே குறைந்தது சைவம்? பிரிதலும் மறுமணமும் நமக்குப் புதியனவா? அறுத்துக்கட்டும் வழக்கம் நம்முட் பல குலத்தாரிடம் இருந்ததே! அதை இழிவென்று ஒதுக்கி, மேற்குலத்தாரின் ஏழு பிறவிக் கதையை எல்லார் தலையிலும் ஏற்றியது பிற்காலத்து நாகரிகம். தமிழ்நாட்டில் புரோகிதரின்றி நடந்த சுயமரியாதை மணங்களுக்கு 1967இல் அண்ணாதுரை அரசு சட்ட உரிமை தந்தது. இந்திய இந்துக்களுக்கு 1976இல் இருவர் சம்மதத்தாற் பிரியும் வழியும் வந்தது. அங்கே கோபுரங்கள் சாயவில்லை.

தேசவழமை பற்றியும் ஒரு வார்த்தை. ஆதி தொட்டு வந்த தமிழ் மரபு என்று நாம் போற்றும் அது, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரியின் கையால் 1707இல் ஏட்டில் ஏறியது. அதன் வழிவந்த 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவும் மனைவி கணவனின் சம்மதம் பெறவேண்டும். பேராதனைச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, கண்டியில் வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் கையெழுத்திடும் நம் பெண்மணி, தன் காணி உறுதியில் தனியே கையெழுத்திட முடியாது!

முஸ்லிம் சட்டத்தைப் பற்றி நாம் நீட்டி முழக்கப்போவதில்லை. மணமகளின் கையொப்பத்தையும், மணத்துக்கு உரிய வயதையும் அச்சமுதாயத்துப் பெண்களே துணிந்து கேட்டு வருகிறார்கள். 2009இல் அமைந்த குழு 2018இல் அறிக்கை தந்த கதையும் அவர்களுக்குத் தெரியும். நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது அயல்வீட்டு ஓட்டை எண்ணுவது பண்பன்று. பழைய சட்டம் எதுவானாலும் அடிப்படை உரிமைக்கு முரணாயினும் செல்லும் என்று கூறும் 1978ஆம் ஆண்டு யாப்பின் 16ஆம் உறுப்புரை மட்டும் எல்லாருக்கும் பொதுவான எதிரி.

நம் பாராளுமன்ற உறுப்பினரை நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. கண்டியருக்கு 1870 முதல் உள்ள அந்த ஓராண்டுப் பிரிவையும், இருவர் சம்மதத்தையும் பொதுச் சட்டத்தில் எழுதுங்கள். மலைக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று வேண்டாம். தமிழறிந்த விவாகப் பதிவாளரைத் தோட்டப் பகுதிகள் தோறும் நியமியுங்கள். கோயில் தர்மகர்த்தாக்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு: தை பிறந்ததும் முகூர்த்தம் குறிக்க வருவோரிடம் மண்டப வாடகை பேசுவதற்கு முன், பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால், நாளைத் தள்ளிக் குறியுங்கள்.