கடலில் எத்தனை நாள்?



ஆண்டிறுதி விடுமுறையில் பத்து நாள் கப்பல் சுற்றுலா போகலாமா என்று ஆசிரியர் அறையில் பேச்செழுந்தது. நான்கு இரவே போதும் என்பது என் கருத்து.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்கு வர ஏறக்குறைய ஒரு வாரமாகும். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவருக்கு அந்த ஒரு வாரம் முடியவே இல்லையாம். தானா ராத்தாத் தேயிலைத் தோட்டத்தில் இறுதிவரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும் நாள் தெரியாத பயணம் அது; ஊரை அவர் மீண்டும் காணவே இல்லை. பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலும் 1985இல் தீப்பற்றியதோடு அக்கடல்வழிப் பயணமே நின்றுபோனது.

நமக்கோ திரும்பும் நாள் பயணச்சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. களைப்பாற நான்கு இரவு போதும். அதற்கு மேல் உண்பதும் உறங்குவதுமே வேலையாகிவிடும். மிஞ்சும் பணத்தில் பிள்ளைகளை நாகப்பட்டினம் அழைத்துச் சென்று, பாட்டி கப்பலேறிய கரையைக் காட்டலாம் என்றிருக்கிறேன். என் வகுப்பில் ‘ரஜூலா’ என்னும் பெயரைக் கேள்விப்பட்ட மாணவர் ஒருவருமில்லை. உங்கள் வீட்டில் எப்படி?