முதுகைப் பார்க்காத நடுவர்கள்

சிறுசிற்பம் என்பது உள்ளங்கையில் அடங்குவது, மிஞ்சினால் ஒரு மேசைமேல் நிற்பது. அதைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். முடிந்தால் தூக்கியும் பார்க்க வேண்டும். சிற்பிகளிடம் ஆளுக்கொரு நிழற்படத்தை வாங்கிக்கொண்டு, சிறுசிற்பப் போட்டி ஒன்றின் முதல் சுற்றையே நடுவர்கள் முடித்துவிட்டார்கள்; அந்த முடிவுக்கு இந்த அரிச்சுவடிகூடத் தெரியவில்லை. ஜொகூரின் பெக்கோக் போன்ற சிற்றூர்களில் உளி பிடிப்பவர்களைப் பொறுத்தவரை முதல் சுற்றுதான் போட்டி. அதில் விழுந்தவரின் படைப்பை அதன்பிறகு எந்த நடுவரும் பார்க்கப் போவதில்லை.

படத்தில் முதலில் தொலைவது அளவு. ஒரு சாண் உருவமும் ஓர் ஆள் உயரச் சிலையும் கைப்பேசித் திரையில் ஒரே உயரம். அடுத்துத் தொலைவது எடை. வெண்கல நிறம் பூசிய பிசினும் உண்மையான வெண்கலமும் அங்கே ஒன்றுபோல மின்னும். பால்மரக் கட்டையில் இழையோட்டம் பார்த்துச் செதுக்கியதையும் அச்சில் வார்த்து எடுத்ததையும் விரல் நொடியில் பிரித்துச் சொல்லிவிடும், திரை சொல்லாது. நல்ல விளக்கும் நல்ல கேமராவும் வைத்திருப்பவர் முன்னேறுகிறார். வீட்டு வாசல் வெயிலில் படமெடுத்தவர் பின்தங்குகிறார். இங்கே மதிப்பெண் யாருடைய கைக்கு?

எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைவது முதுகு. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வீதியுலாவுக்காக வார்க்கப்பட்டவை. உலாவின்போது பட்டும் மாலையும் அவற்றின் பெரும்பகுதியை மூடிவிடும். அது தெரிந்தும் தலைக்குப் பின்னால் சிரசக்கரத்தையும் முதுகில் புரளும் சடையையும் இடையாடையின் மடிப்பையும் முன்பக்கத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு முடித்தார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றும் அந்த முறை சுவாமிமலையில் இன்றும் நடக்கிறது. ஜப்பானியர் இடைக்கச்சையில் பைகளைத் தொங்கவிடப் பயன்படுத்திய நெட்சுகே விரல் நீளமே இருக்கும். அதில் தரையைத் தொடும் அடிப்பகுதியும் செதுக்கப்பட்டிருக்கும், கயிறு நுழையும் துளையும் உருவத்துக்குப் பொருந்த அமைந்திருக்கும். யாரும் பார்க்காத இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்பதில்தான் சிற்பி தெரிவார். அந்த இடத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியாயிற்று.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைவிட ஒழுங்காக நடந்திருக்கிறது. 1401இல் புளோரன்ஸ் நகரத் திருமுழுக்குக் கூடத்தின் வெண்கலக் கதவுக்காகப் போட்டி அறிவிக்கப்பட்டது. ஏழு பேர் ஒரே காட்சியை ஆளுக்கொரு வெண்கலப் பலகையில் வடித்துத் தர வேண்டும்; நடுவர்கள் 34 பேர். கிபெர்ட்டி, புருனெல்லெஸ்கி ஆகிய இருவரின் பலகைகள் அந்நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. வென்ற கிபெர்ட்டியின் பலகை ஏறத்தாழ 7 கிலோ குறைவு. அவர் பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக எடுத்திருந்தார். புருனெல்லெஸ்கி உருவங்களைத் தனித்தனியே வார்த்துப் பலகையில் பொருத்தியிருந்தார். குறைந்த உலோகம், உறுதியான வேலை என்ற இந்த வேறுபாடு திருப்பிப் பார்த்தவருக்கும் தூக்கிப் பார்த்தவருக்கும்தான் விளங்கும். கதவோடு சேர்த்துப் பதிக்கும் பலகைக்கே பின்பக்கம் இவ்வளவு பேசுமென்றால், நாற்புறமும் நிற்கும் சிற்பத்துக்கு?

தூரம், செலவு என்ற சாக்கு எடுபடாது. கைப்பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோகக்கூடிய கலை ஒன்று உண்டென்றால் அது சிறுசிற்பம்தான். ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். பெக்கோக், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே ரயில் பாதையிலேயே இருக்கும் ஊர். எண்டாவ் ரொம்பின் காட்டின் செலாய் வாயிலுக்குப் போகிறவர்கள் இவ்வழியே வருகிறார்கள். அருவி பார்க்க வரும்போது நீளாத சாலை, சிற்பம் பார்க்க மட்டும் நீண்டுவிடுகிறது.

கலையைப் பார்க்காமல் கலைமீது முடிவெடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2013இல் ஜொகூர் பாருவில் ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் ஒரு மூலையின் இரு பக்கச் சுவர்களில் ஓவியம் தீட்டினார். ஒரு பக்கம் கைப்பையுடன் பெண் பொம்மை, மூலைக்கு மறுபக்கம் கத்தியோடு காத்திருக்கும் திருடன் பொம்மை. மூலையில் நின்றால்தான் கதை முழுதாகும். நகரின் பெயர் கெடுகிறது என்று அதன்மேல் வெள்ளையடித்தார்கள். கோலாலம்பூரில் தேசியக் கலைஞர் சையத் அகமது ஜமால் 1986இல் உருவாக்கிய ‘புஞ்சாக் பூர்ணாமா’ சிற்பத்துக்கு 2016இல் நேர்ந்தது இன்னும் மோசம். பராமரிக்க வேண்டியவர்கள் அதை இடித்தே தள்ளினார்கள். அந்த நாற்காலிகள் வேறு, இந்த நடுவர்கள் வேறு என்று யாரும் நழுவ வேண்டாம். எழுந்துபோய்ச் சுற்றிப் பார்க்கும் சிரமத்தை ஏற்காத பழக்கம் எல்லா நாற்காலிகளுக்கும் பொது. இடிப்பதற்காவது இயந்திரம் வரவழைக்க வேண்டியிருந்தது. சிறுசிற்பத்தை ஒழிக்க ஒரு விரல் அசைவே போதுமானதாகிவிட்டது.

இந்தச் சுற்றின் முடிவு மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். அடுத்த போட்டிக்காவது முறையான வழி காணப்பட வேண்டும். அது எந்த வழியாக இருந்தாலும், சிற்பமும் நடுவரும் ஒரே அறையில் இருப்பதிலிருந்து அது தொடங்கட்டும்.