ஐகிளவுட் பூட்டின் சாவி யாரிடம்? ஆப்பிள் - பிரிட்டன் இழுபறி சொல்வது என்ன?

போட்டோ, சாட் பேக்கப், ஆதார் ஸ்கேன் என எல்லாமே இப்போ கிளவுடில்தான். பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால், சாவி யார் கையில்? பிரிட்டன் அரசுக்கும் ஆப்பிளுக்கும் சண்டையே இதில்தான்.

என்ன நடந்தது?

ஐகிளவுடில் பூட்டியிருக்கும் தகவலை, கேட்கும்போது எடுத்துத் தர வழி செய்ய வேண்டும் என்று பிரிட்டன் உள்துறை ஆப்பிளுக்கு ரகசிய உத்தரவு போட்டதாக 2025 பிப்ரவரியில் செய்தி கசிந்தது. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, இப்படியொரு உத்தரவு வந்ததாகக்கூட நிறுவனம் மூச்சு விடக்கூடாது. ஆப்பிள் பின்வாசல் வைக்கவில்லை. அதற்குப் பதில் 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடக்‌ஷன்' வசதியைப் பிரிட்டனில் நிறுத்திவிட்டது.

அது என்ன வசதி?

சாதாரணமாக, ஐகிளவுட் போட்டோக்கள், பேக்கப் ஆகியவற்றின் சாவி ஆப்பிளிடமும் இருக்கும். பாஸ்வேர்டு மறந்தால் தகவலை மீட்டுத் தருவதும், கோர்ட் உத்தரவு வந்தால் திறந்து கொடுப்பதும் அதை வைத்துத்தான். 2022 டிசம்பரில் வந்த இந்த வசதியை ஆன் செய்தால், சாவி உங்கள் போன், லேப்டாப்பில் மட்டுமே. ஆப்பிளே நினைத்தாலும் திறக்க முடியாது. மெயில், கான்டாக்ட்ஸ், காலண்டர் மட்டும் விதிவிலக்கு.

போலீஸுக்கு மட்டும் திறந்தால் என்ன?

பயங்கரவாதம், குழந்தைகள் மீதான குற்றங்களை விசாரிக்க இது தேவை என்பது அரசுத் தரப்பு வாதம். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பின்வாசலுக்கு ஆள் பார்த்துத் திறக்கத் தெரியாது. 2024-ல் வெளியான 'சால்ட் டைஃபூன்' விவகாரத்தில், சீனத் தொடர்புள்ள ஹேக்கர்கள் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, கோர்ட் உத்தரவுப்படி விசாரணைக்காக எடுத்த தகவல்களையும் சுருட்டினார்கள்.

இப்போ என்ன நிலை?

பிரிட்டன் பின்வாங்கிவிட்டதாக அமெரிக்க உளவுத்துறை இயக்குநர் துளசி கபார்ட் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். அக்டோபரிலோ, பிரிட்டன் பயனாளர்களை மட்டும் குறிவைத்துப் புது உத்தரவு போனதாகச் செய்தி வந்தது.

நமக்கு?

இந்தியாவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-வது பிரிவு, பூட்டிய தகவலைத் திறக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தருகிறது. சாவியே இல்லாத நிறுவனத்தால் எதைத் திறக்க முடியும்?

ஐபோன் செட்டிங்ஸில் உங்கள் பெயர், ஐகிளவுட் எனப் போனால் இந்த வசதி இருக்கும். அது தானாக ஆன் ஆகாது. ஆன் செய்யும்போது கேட்கும் ரெக்கவரி கீயை எழுதி பத்திரமாக வையுங்கள், அல்லது நம்பகமான ஒருவரை ரெக்கவரி கான்டாக்டாகச் சேருங்கள். பாஸ்வேர்டும் மறந்து இதுவும் கைவிட்டால், போட்டோக்கள் போனது போனதுதான்.