அப்டேட்டுக்கு இடம் இல்லாத வாட்ச்

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்சும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டரைப் போலவே அதற்கும் சிஸ்டம் அப்டேட் வருகிறது. அது இன்ஸ்டால் ஆகாமல் நின்றுவிட்டால், புதிதாக வாங்கியவர்கள் தாங்கள்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டதாக எண்ணிப் பயந்துவிடுகின்றனர். சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பல நேரங்களில் தவறு உங்களுடையது அல்ல.

ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017ல் வெளியான இதன் ஜி.பி.எஸ். மாடலில் ஸ்டோரேஜ் 8 ஜிபி மட்டுமே. அப்டேட் பைல் டவுண்லோட் ஆகி, விரிக்கப்பட்டு, எழுதப்பட வேண்டும். அதுவரை பழைய சிஸ்டமும் அழியாமல் இருக்க வேண்டும். குடியிருந்துகொண்டே வீட்டை மாற்றிக் கட்டுவது போன்ற வேலை இது. சாமான்களை ஒதுக்கி வைக்கக் கூடுதல் இடம் தேவை. அந்த இடம் இல்லாமல்தான் பலருக்கு அப்டேட் நின்றது. 2021ல் ஐ.ஓ.எஸ். 14.6 வந்தபோது, ஐபோன் இணைப்பை நீக்கிவிட்டு மீண்டும் இணைத்து அப்டேட் செய்யும்படி செய்தியே காட்டப்பட்டது. இணைப்பை நீக்கினால் வாட்ச்சில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.

எனவே அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாட்ச்சைச் சார்ஜரில் வைத்து, சார்ஜ் 50 சதவீதத்திற்கு மேல் உள்ளதா எனப் பாருங்கள். ஐபோன் வை-பி இணைப்பில், அருகிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திடுங்கள். அடுத்து, ஐபோனில் வாட்ச் அப்ளிகேஷனைத் திறந்து, ஜெனரல், ஸ்டோரேஜ், சாப்ட்வேர் அப்டேட் எனச் சென்று, பாதியில் நிற்கும் அப்டேட் பைலை நீக்கி, மீண்டும் முயற்சி செய்திடுங்கள். வாட்ச்சில் ஏற்றியுள்ள பாடல்களையும் படங்களையும் குறைத்தால் இடம் கிடைக்கும். எதுவும் பலிக்காவிட்டால் இணைப்பை நீக்கலாம். அப்போது ஐபோனில் தானாகவே பேக்கப் எடுக்கப்படும். ஆனால் பாஸ்கோடும் புளூடூத் இணைப்புகளும் அதில் சேராது. அவற்றை மீண்டும் அமைக்க வேண்டும்.

வழி இருக்கிறது என்பதால் இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பாதுகாப்புக் குறைகளைச் சரி செய்யும் பைல்கள் அப்டேட்டில்தான் வருகின்றன. அதை ஏற்ற ஒவ்வொரு முறையும் வாட்ச்சை அழிக்க வேண்டும் என்றால், பலர் அப்டேட்டையே விட்டுவிடுவார்கள். இத்தனைக்குப் பின்னும் இந்த வாட்ச் 2022 செப்டம்பர் வரை விற்பனையில் இருந்தது. அதே மாதம் வெளியான வாட்ச் ஓ.எஸ். 9 இதற்குத் தரப்படவில்லை. கடைசி மாதங்களில் புதிதாக வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தன் அப்டேட்டையே ஏற்க இடமில்லாத சாதனத்தை நிறுவனங்கள் விற்கக் கூடாது என்பதே என் கருத்து.

நம் கையில் இருப்பது, வாங்கும் முன் கேட்பதுதான். கடைக்காரர் வண்ணமும் ஸ்ட்ராப்பும் காட்டுவார். நீங்கள் ஸ்டோரேஜ் எவ்வளவு, இந்த மாடலுக்கு இப்போதைய சிஸ்டம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பழைய வாட்ச் வாங்குவோர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.