காருக்கு ஓர் இரகசிய ஸ்விட்ச்



பழைய கார் ஒன்றை அண்மையில் வாங்கிய குடும்பத் தலைவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்த இடமில்லை. தெருமுனையில் விட்டுவிட்டு இரவெல்லாம் உறக்கமின்றித் தவிக்கிறார். பெட்ரோல் செல்லாதபடி தடுக்கும் இரகசிய ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தித் தருவதாகக் கடைத்தெரு எலெக்ட்ரீஷியன் கூறுகிறாராம். பொருத்தலாமா, அதனால் ஏதேனும் தீங்கு நேருமா என்பது அவரது கேள்வி.

பொருத்தலாம் என்பதே என் விடை. ஆயினும் அந்த ஸ்விட்ச், பம்புக்குச் செல்லும் மின்சாரத்தைத் தடுப்பதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். பம்புக்குப் புதியதொரு வழியில் மின்சாரம் ஊட்டுவதாக ஒருபோதும் அமைந்துவிடக் கூடாது. இந்த வேறுபாட்டை அறியாத கைகளில், திருடனுக்கென வைத்த பொறியில் வீட்டாரே அகப்பட நேரிடும்.

முதலில் உங்கள் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் பம்பு என்று நான் குறிப்பிடுவது சாலையோரத்துப் பங்க்கை அன்று. டாங்க்கிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் கருவியை. கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800, பிரிமியர் பத்மினி போன்றவற்றில் இந்தப் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருந்து, எஞ்சின் சுழலும் வேகத்தாலேயே இயங்கும். அதற்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே ஸ்விட்ச் வைத்து அதனைத் தடுக்கவும் இயலாது. 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800, இடையில் கார்புரேட்டரை விட்டு எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறிற்று. ஆகையால் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதில் பொருளில்லை. டீசல் வண்டிக்கும் நான் கூறப்போவது பொருந்தாது. காமன் ரெயில் டீசல் எஞ்சினின் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகெண்ணெயுமாக இருப்பதால், அதை வறளவிடுவது பெருஞ்செலவில் முடியும்.

சாவிக்குள் மறைந்துள்ள சில்லை அடையாளம் கண்டாலன்றி எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசர் என்னும் அமைப்பு, ஐரோப்பிய நாடுகளில் 1998-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. நம் நாட்டுப் புதிய கார்களிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. அத்தகைய வண்டியை உடையவர்கள் கம்பிகளில் கைவைக்காதிருப்பதே நலம். வாரண்டிக் காலம் முடியாத வண்டிக்கும் இதுவே என் கருத்து.

எஞ்சியவை, இம்மொபிலைசர் இல்லாத பழைய எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் வண்டிகள். இவற்றில் மின்சாரப் பம்பு டாங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கும். சாவியைத் திருப்பியதும் பின் இருக்கையின் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று வினாடிகள் மெல்லிய ரீங்காரம் எழுந்து அடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அது பம்பின் ஓசை. அப்பம்புக்கு ஏறத்தாழ 4 முதல் 8 ஆம்பியர் வரை மின்சாரம் வேண்டும். எஞ்சினை ஆளும் சிறு கணிப்பொறி அவ்வளவு மின்சாரத்தைத் தன்வழியே செலுத்துவதில்லை. ரிலே என்னும் ஏவலாளிடம் அப்பணியை ஒப்படைக்கிறது. ரிலேயின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, பம்புக்குச் செல்லும் பெரிய இணைப்பை மூடுகிறது.

எஞ்சின் நின்றுவிட்டால், சாவி திருப்பிய நிலையிலேயே இருந்தாலும், கணிப்பொறி சில வினாடிகளில் ரிலேயை விடுவித்துப் பம்பை நிறுத்திவிடும். விபத்தில் எஞ்சின் நின்று, பெட்ரோல் குழாயும் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் மயங்கிக் கிடக்கிறார். சாவியைத் திருப்ப ஆளில்லை. பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், கொதிக்கும் புகைக்குழாயின்மேல் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஆபத்துக்காகவே ஃபோர்டு நிறுவனம் தன் வண்டிகள் பலவற்றில் தனியாக ஒரு மோதல் ஸ்விட்ச்சையும் வைத்தது. ஒரு கூம்பின் அடியில் காந்தம் பிடித்திருக்கும் எஃகுக் குண்டு, மோதலின் அதிர்ச்சியில் விடுபட்டு மேலேறித் தட்டினால் பம்பின் மின்சாரம் துண்டிக்கப்படும். பொத்தானைக் கையால் அழுத்தினாலன்றி அது மீளாது. எளிமையான கருவி, வியப்பதற்குரியது!

அரைகுறையாகக் கற்ற எலெக்ட்ரீஷியன் என்ன செய்கிறார்? பாட்டரியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, நடுவே ஸ்விட்ச் வைத்து, நேரே பம்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். வண்டி நன்றாகவே ஓடும். உரிமையாளரும் மகிழ்ந்து கூலியைக் கொடுத்துவிடுவார். கணிப்பொறியின் சொல்லுக்கு இனிப் பம்பு கட்டுப்படாது என்பது விபத்து நாள்வரை எவருக்கும் தெரியாது.

இதனைக் கண்டறிய இயந்திர அறிவு தேவையில்லை. வேலை முடிந்ததும் இரகசிய ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு, சாவியைத் திருப்புங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். ரீங்காரம் சில வினாடிகளில் தானே அடங்க வேண்டும். தொடர்ந்து ஒலித்தால் வேலை தவறு. பணம் கொடுக்காமல் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். சாவியை எடுத்த பின்னர், ஸ்விட்ச் எந்த நிலையில் இருந்தாலும் பம்பு ஒலிக்கவே கூடாது.

சரியான முறை, ரிலேயின் சுருளுக்குச் செல்லும் சிறு கம்பியில் ஸ்விட்ச்சை வைப்பதாகும். பல ரிலேக்களின் அடியில் 85, 86 என்று எழுதிய கால்கள் சுருளுக்குரியவை. 30, 87 என்பவை பம்பின் பெரிய மின்சாரத்துக்குரியவை. சுருளின் வழியே செல்வது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. சிறிய ஸ்விட்ச்சே போதும், சூடேறும் அச்சமில்லை. பெரிய மின்சாரத்தையே வெட்டுவதாயின், வண்டிகளுக்கென்று தயாரித்த தடித்த ஸ்விட்ச் வேண்டும். வீட்டுச் சுவரில் வைக்கும் ஸ்விட்ச் உதவாது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால் அங்கே தீப்பொறி தானே அணையும். பாட்டரியின் நேர்மின்சாரத்தில் அந்த உதவி கிடையாது.

சுருளின் இரு முனைகளில் எதை வெட்டுவது? பல வண்டிகளில் ஒரு முனைக்குச் சாவி வழியாக மின்சாரம் வரும். மறுமுனையைக் கணிப்பொறி எர்த்தோடு சேர்க்கும். மின்சாரம் வரும் முனையையே நான் பரிந்துரைப்பேன். அங்கே பொருத்திய கம்பி தேய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால் ஃபியூஸ் போகும், வண்டி நிற்கும், அவ்வளவே. மறுமுனைக் கம்பி அவ்வாறு தொட்டாலோ, கணிப்பொறியின் அனுமதியின்றியே ரிலே மூடிக்கொண்டு பம்பு ஓடத் தொடங்கும். முன்னே கூறிய ஆபத்து பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். சில வண்டிகளில் அந்த முனையின் கம்பி வேறு கருவிகளுக்கும் மின்சாரம் தருவதுண்டு. ஆகவே உங்கள் வண்டிக்குரிய வயரிங் படத்தைப் பாராமல் கத்தரிக்கோலை எடுப்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் தொட்டால், ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கும். டாங்க்கின் அருகே எந்த இணைப்பும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோரம் படிந்து நிற்கும். எங்கோ பற்றவைத்த பீடி போதும். காற்றுப்பை உள்ள வண்டியில் மஞ்சள் நிற இணைப்புகளைத் தீண்டக் கூடாது. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊரில் எங்கும் காணும் வழக்கம்; சித்திரை வெயிலில் பசை உருகி, ஆடிக்குள் டேப் அவிழ்ந்து தொங்கும். இணைப்புகளைக் கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஸ்லீவ் போட வேண்டும். இரும்புத் தகட்டின் துளைவழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த இணைப்பு தளர்ந்தால் ஓடும் வண்டியின் எஞ்சின் அப்படியே நிற்கும். ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்கு எஞ்சின் அளிக்கும் துணை ஓரிரு மிதிப்புகளோடு தீர்ந்துவிடும். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் இது விளையாட்டன்று. அவ்வாறு நேர்ந்தால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள்; சாவியை உருவாதீர்கள், உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்; இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஸ்விட்ச் இருக்குமிடமும் அவ்வாறே கருதத்தக்கது. ஓட்டுநரின் முழங்கால் இடிக்குமிடத்திலும் குழந்தைகளின் விரல் எட்டுமிடத்திலும் அது இருத்தலாகாது. பந்தயக் கார்களில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்சை, யார் வேண்டுமானாலும் காணும்படி நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியிட்டு வைப்பார்கள். அங்கே அது காப்பாற்ற வருபவர்களுக்காக. இங்கோ திருட வருபவனிடமிருந்து ஒளிப்பதற்காக.

குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தால், ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் எஞ்சின் கிளம்பிச் சில வினாடிகள் ஓடிவிட்டு நிற்கலாம். பழுது என்று எண்ண வேண்டாம். ஆனால் திருடன் வண்டியை நடுச்சாலையில் விட்டு ஓடினால், இருளில் வரும் இன்னொருவர் அதில் மோதக்கூடும். இதை எண்ணும்போது, ஸ்டார்ட்டர் ரிலேயின் சுருளில் ஸ்விட்ச் வைப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இணைப்பு கெட்டால் வண்டி கிளம்பாது, அவ்வளவே; ஓடும் எஞ்சினை அது நிறுத்துவதில்லை. வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிடலாமே என்பீர்கள். உண்மைதான், பெட்ரோலைத் தடுக்கும் ஸ்விட்ச்சுக்கு உள்ள மேன்மை அது ஒன்றே. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியாயின் நான் ஸ்டார்ட்டரையே தேர்ந்தெடுப்பேன்.

இன்னொன்று. இரகசியம் வீட்டாருக்கும் இரகசியமாகிவிடக் கூடாது. நள்ளிரவில் குடும்பத் தலைவருக்கே நெஞ்சுவலி வந்து, ஸ்விட்ச்சின் இடம் அறியாத மகன் பாட்டரி தீருமளவும் சாவியைத் திருகிக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். வண்டி ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும், மனைவி உட்பட, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுக் காட்டப் பழக வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கட்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வண்டிக் காகிதங்களோடு வையுங்கள்.

வண்டியை விற்கும் நாளில் ஸ்விட்ச்சைக் கழற்றி, வெட்டிய கம்பியை முன்போல் ஒழுங்காக இணைத்துக் கொடுங்கள். அதற்கு வசதியில்லையாயின், வாங்குபவரை அருகில் அமர்த்தி அதன் இடத்தையும், நான் கூறிய ரீங்காரச் சோதனையையும் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.