கணிப்பது கருவி, முடிவு செய்வது மனிதர்

செயற்கை நுண்ணறிவு இன்று வாணிப நிருவாகத்தினுள் நுழைந்துவிட்டது. நாளை எத்தனை பாண் விற்பனையாகும் எனப் பேரங்காடிக்கு அது முன்கூட்டியே கணித்துக் கூறுகின்றது. கடன் கேட்போரின் தகுதியை வங்கிக்கு அளந்து காட்டுகின்றது; வேலைக்கு வந்து குவியும் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கின்றது. இத்தகைய கருவியை வேண்டாமென ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. அதன் சொல்லை ஆராயாது ஏற்பதும் அறிவுடைமை ஆகாது என்பதே எமது கருத்து.

இந்நாட்டில் நிகழ்ந்த ஒரு கொடுமையை நாம் மறத்தலாகாது. 1999ஆம் ஆண்டு முதல் பிரித்தானியத் தபாலகம் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்கு முறையைப் புகுத்தியது. அது செயற்கை நுண்ணறிவு அன்று. கணக்குகளைப் பதியும் முறையே. அதிலிருந்த பிழைகளால், கிளைகளில் இல்லாத பணக்குறைவுகள் தோன்றின. நிருவாகத்தினர் கணினியை நம்பினர், மனிதரை நம்பவில்லை. 2015 வரை 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் உடைமையையும் நற்பெயரையும் இழந்தனர். எம்மைப் போன்று தெற்காசியாவிலிருந்து வந்து, கடையையும் தபாலகத்தையும் ஒருங்கே நடத்தியோரும் அவர்களுள் இருந்தனர். 2019இல் உயர் நீதிமன்றம் அக்கணினி முறையின் குறைகளை உறுதிப்படுத்தியது. 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பழைய தீர்ப்புகளை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எச்சட்டம் மீட்டுத் தரும்?

வெறுங் கணக்கு முறையே இத்துணைத் தீங்கு விளைத்ததெனில், தன் முடிவுக்குக் காரணம் கூறவியலாத கருவியிடம் எத்துணை விழிப்பு வேண்டும்! வேலை விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அமேசான் நிறுவனம் உருவாக்கிய முறையொன்று, பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பயின்றமையால், பெண்களைப் பின்தள்ளியது. நிறுவனம் அதனைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. நேற்றைய மனிதரின் பிழையையே கருவி நாளைய விதியாக்கிவிடும்.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே உண்டு. தெரிதலில் கருவி துணை நிற்கலாம். செயலின் பொறுப்போ மனிதருடையது. கருவியின் முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் கேட்கும் உரிமையும், செவிசாய்க்க ஒரு மனிதரும் இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் நிறுவனங்களை நடத்துவீர்கள். கணினி விடை தரும்போது, "ஏன்?" எனக் கேட்கப் பழகுங்கள். பெற்றோரே! பிள்ளைகள் அக்கேள்வியை வீட்டில் எம்மிடம் கேட்கும்போது, நாமும் பொறுமையுடன் விடையளிப்போமாக.