நல்லாசிரியர் எல்லாரும் நல்ல தலைமையாசிரியர் ஆவாரா?



கல்வியாண்டு தொடங்கும் காலத்தில் நம் பங்குகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த ஆண்டு நம் பள்ளிக்குத் தலைமையாசிரியர் யார்?" சிலர் பணிமூப்புப் பட்டியலைப் பார்க்கின்றனர். சிலர் மாற்றல் ஆணைக்காகக் காத்திருக்கின்றனர். ஆனால், "வருகிறவர் அந்தப் பொறுப்பிற்கு எங்கே, எப்படித் தயாரிக்கப்பட்டார்?" என்று கேட்பவர் மிகச் சிலரே.

இருபது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர் ஒருநாள் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்கிறார். அன்று முதல் அவர் முன் வருபவை வேறு. ஊதியப் பட்டியல், கட்டட உறுதிச் சான்று, பெற்றோரின் புகார், ஆசிரியர்களுக்கிடையே பிணக்கு, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வலியுறுத்தும் குழந்தைப் பாதுகாப்புக் கடமைகள் என்று அவை நீள்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து கவனித்து, அவர் மனம் நோகாமல் அவரை வளர்த்தெடுக்க வேண்டும். இது மாணவருக்குக் கற்பிப்பதினின்று வேறான கலை. அனுபவம் மட்டுமே இதைத் தந்துவிடாது.

இதன் விளைவு சிறியதன்று. அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளை 2021-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, திறன் குறைந்த ஒரு பள்ளித் தலைவரின் இடத்தில் திறன்மிக்கவர் வந்தால், ஓர் ஆண்டில் மாணவர்கள் கணிதத்தில் ஏறக்குறைய 3 மாதப் படிப்பு அளவுக்குக் கூடுதலாக முன்னேறுவதாகக் கணக்கிட்டது. நல்ல ஆசிரியரால் ஒரு வகுப்பு பயன்பெறுகிறது. நல்ல தலைவரால் பள்ளி முழுவதும் பயன்பெறுகிறது. இதில் அதிகம் இழப்பவர்கள் யார்? தனிவகுப்புக்குப் பணம் கட்ட முடியாத ஏழை வீட்டுப் பிள்ளைகளே.

அந்நாட்டுத் திருச்சபை எடுத்த முயற்சி ஒன்று நம் கவனத்திற்குரியது. அங்கே ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் துறவியரே. இன்று அப்பள்ளிகளில் பணிபுரிவோரில் 100-க்கு 95 பேருக்கும் மேல் பொதுநிலையினர். அருட்சகோதரிகள் தம் துறவற இல்லங்களில் பெற்ற உருவாக்கத்தை இவர்களுக்கு யார் தருவது? இந்தத் தேவையை உணர்ந்து, இண்டியானா மாநிலத்தின் நோட்டர்டேம் பல்கலைக்கழகம் 2002-இல் கத்தோலிக்கப் பள்ளித் தலைவர்களுக்கென முதுகலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் வளாகத்திற்கு வந்து பயில்கிறார்கள். மற்ற மாதங்களில் தம் பள்ளியிலேயே பணியாற்றியபடி கற்றதைச் செய்து பார்க்கிறார்கள். கற்பித்தலை மேம்படுத்துதல், நிதி நிர்வாகம் ஆகியவற்றோடு பள்ளியின் கத்தோலிக்க அடையாளத்தைக் காப்பதும் பாடமாகிறது.

பட்டம் இருந்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் தலைவராயிருந்த ஆர்தர் லெவின், 2005-இல் வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்காவின் இத்தகைய படிப்புகளில் பெரும்பாலானவை தரமற்றவை என்று கடுமையாகச் சாடினார். ஊதிய உயர்வுக்காகவே பலர் சேர்கின்றனர், பாடங்கள் பள்ளியின் அன்றாடத்தோடு ஒட்டவில்லை என்பன அவர் கண்ட குறைகள். ஆக, படிப்பு வேண்டும். அது பள்ளி மண்ணில் வேரூன்றியதாகவும் இருக்க வேண்டும்.

நம் நிலைக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு நமக்குத் தந்த உரிமையில், பள்ளித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அடங்கும். பணிமூப்பை மட்டுமே பின்பற்றத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் என்.அம்மது வழக்கிலும், 2006-இல் மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கிலும் தெளிவுபடுத்தியது. இது பெரிய உரிமை. ஆனால் பணிமூப்பைத் தாண்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், அவர் அதைவிடத் தகுதியானவர் என்று ஆசிரியர்கள் முன் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிய வேண்டும். அது முடியாதபோது உரிமை சலுகையாகத் தேய்கிறது. ஆசிரியர் அறையில் மனக்கசப்பு குடியேறுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் தலைமைப் பொறுப்பு குருக்களுக்கோ துறவியருக்கோதான் என்பது எழுதாத விதியாக நிலவுகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்த பொதுநிலை ஆசிரியைகள், எவ்வளவு ஆற்றல் இருந்தும், துணைத் தலைமையோடு நின்றுவிடுகின்றனர். கத்தோலிக்கக் கல்விப் பணி துறவியரும் பொதுநிலையினரும் இணைந்து ஆற்றும் பொதுப்பணி என்று 2007-இல் கத்தோலிக்கக் கல்விக்கான உரோமைப் பேராயம் தனி ஏடே வெளியிட்டது. இறையழைத்தல் குறைந்துவரும் இக்காலத்தில், நாளைய தலைவர்களை இன்றே தயாரிக்காவிட்டால், நாளை அவசரத்தில் கிடைத்தவரை அமர்த்த நேரிடும்.

வழிகள் இல்லாமல் இல்லை. புதுதில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தின்கீழ் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012 முதல் இயங்குகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி மேலாண்மையில் முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தொலைநிலையில் தருகிறது. ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆண்டுக்கு நான்கைந்து ஆசிரியர்களை, அவர் குருவா, துறவியா, பொதுநிலையினரா என்று பாராமல் தெரிவுசெய்து, கட்டணத்தை ஏற்று இத்தகைய படிப்புக்கு அனுப்பலாம். படிக்கும் காலத்தில் அனுபவமிக்க தலைமையாசிரியர் ஒருவரின் அருகில் அவர்களைப் பழக விடலாம். புதிய கட்டடத்திற்கு நன்கொடை தரும் நம் பங்கு மக்கள் இதற்கும் மனமுவந்து தருவார்கள்.

மக்களின் வழக்குகளைத் தனியொருவராகத் தீர்த்துக் களைத்துப்போன மோசேயிடம், திறமையும் இறையச்சமும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் அவர் மாமனார் இத்திரோ (விப 18). அத்துடன், மக்களுக்கு நடக்க வேண்டிய வழியைக் கற்பிக்கவும் சொன்னார். தேர்ந்தெடுப்பதும் கற்பிப்பதும் சேர்ந்தே செல்ல வேண்டும். நம் பள்ளிகளில் முதலாவதைச் செய்துவருகிறோம். இரண்டாவதை அடுத்த கல்வியாண்டிலாவது தொடங்குவோமா?